நெடுந்தூர ட்ரையத்லான் சாம்பியன்களை உந்துவது வெற்றி வெறி மட்டும்தானா?

"நெடுந்தூர ட்ரையத்லானில் சாம்பியன் ஆகிறவர்களின் மனம் எப்படிப்பட்டது? வெற்றி வெறிதான் அவர்களை இழுத்துக்கொண்டு போகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெறி வேண்டும், ஆனால் அது போதாது. பிரிட்டனின் ட்ரையத்லான் வீராங்கனை கிறிஸி வெலிங்டனைப் பற்றித் தேடித் தேடிப் படித்த பிறகுதான் எனக்கு இது உறுதியானது. நெடுந்தூர ட்ரையத்லான் என்பது ஒரே நாளில் இடைவிடாமல் மூன்று: 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தான். இந்தத் தூரத்தில் அவர் கலந்துகொண்ட பந்தயங்கள் 13, வென்றவையும் 13. அயர்ன்மேன் என்று பெயர் பெற்ற இந்தத் தூரப் பந்தயத்துக்கு ஹவாயின் கோனாவில் நடக்கும் உலக சாம்பியன் பட்டத்தை 2007, 2008, 2009, 2011 என நான்கு முறை வென்றார். தோல்வியே காணாதவர் என்றதும் எல்லாம் அவருக்குச் சாதகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

2008 கோனாப் பந்தயத்தில் சைக்கிளில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய டயர் பஞ்சரானது. இருபுறமும் கருகிக் கிடக்கும் எரிமலைப் பாறைவெளி, நடுவே அனல் வீசும் நெடுஞ்சாலை. காற்று நிரப்ப அவர் எடுத்துவந்திருந்த வாயுக் குப்பிகள் வீணாகிப்போயின.

அந்தக் குப்பியைக் கையில் பிடித்தவர்களுக்குத்தான் அந்த நிமிடம் எப்படிப்பட்டது என்று தெரியும். கட்டைவிரல் அளவில் ஓர் இரும்பு உருளை. உள்ளே அழுத்தி அடைத்த கார்பன் டை ஆக்சைடு. வால்வின் வாயில் சரியாகப் பொருந்திவிட்டால் சில நொடிகளில் டயர் கல்லாக இறுகிவிடும். ஒரு நூலளவு விலகினாலும் அத்தனையும் சீறிக்கொண்டு வெளியே போய்விடும்; குப்பி பனிக்கட்டியாகக் குளிர்ந்து விரலைச் சுடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடியற்காலையில் எனக்கு இது நேர்ந்தது. பந்தயம்கூட இல்லை, வெறும் பயிற்சி. ஆனாலும் கை நடுங்கியது. இன்னொருவர் நின்று உதவி செய்து மறுபடி கிளம்பிய பிறகும் என் மனம் அந்தப் பஞ்சரை விட்டு நகரவில்லை. அடுத்த நாற்பது கிலோமீட்டரும் கால்தான் மிதித்தது, நான் அதில் இல்லை.

வெலிங்டன் நின்றது உலக சாம்பியன் போட்டியில். ஏறக்குறைய பத்து நிமிடம், பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி சாலையோரம் நின்றார். ஆஸ்திரேலியாவின் ரெபெக்கா கீட், அவரும் போட்டியாளர்தான், தன்னிடமிருந்த குப்பியை அவரிடம் வீசிவிட்டுப் போனார். சாம்பியன் மனம் என்ற பேச்சில் கீட்டின் அந்தச் செயலுக்கும் இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன். வெலிங்டன் டயரை நிரப்பி ஏறினார். எல்லோரையும் திரும்பப் பிடித்தார். இரண்டாம் இடத்துக்கு வந்தவரைவிடக் கால் மணி நேரம் முன்னதாக முடித்தார். பறிபோன பத்து நிமிடத்தையும் அடுத்த பத்து கிலோமீட்டரிலேயே மீட்டுவிட வேண்டும் என்று ஆத்திரத்தோடு மிதித்திருந்தால் மாரத்தானில் கால் கைவிட்டிருக்கும். நடந்ததை நடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்புவது, உடல் வலியைத் தாங்குவதைவிடக் கடினமான வேலை. எனக்குத் தெரிந்த ஓட்டக்காரர்களில் வலியைத் தாங்குகிறவர்கள் நிறைய. இதைச் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலர்.

அவருக்கும் இது பிறவியிலேயே வந்ததில்லை. இளம் வயதில் உணவுக் கோளாறோடு போராடியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எதையும் தன் பிடியில் வைத்திருக்க வேண்டும், ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாது என்ற குணம். 2007-இல் தொழில்முறை வீராங்கனையாகப் பயிற்சிக்கு வந்தபோது பயிற்சியாளர் பிரெட் சட்டன் குறையாகக் கண்டது அவருடைய உடலை அல்ல, தலையை. ஓயாமல் யோசிக்கும் மனத்தை அடக்கவும், ஓய்வெடுக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மனத்தையும் தசையைப் போலவே தினமும் பழக்கினார். பந்தயத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வது, தளரும்போது எடுத்துப் பார்க்கப் பிரியமானவர்களின் முகங்களையும் இடங்களையும் நினைவில் சேர்த்து வைப்பது, பிடித்த பாட்டை மனதுக்குள் ஓட்டுவது. ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே, சிரி என்ற பொருளில் ஒரு வரியைத் தண்ணீர்ப் பாட்டிலிலும் மணிக்கட்டுப் பட்டையிலும் எழுதி வைத்திருந்தார்.

விட்டுக்கொடுக்காதே என்று எழுதி வைத்திருந்த அதே பெண், 2010-இல் கோனாப் பந்தய நாள் காலையில் உடல்நிலை சரியில்லாமல் விலகினார். அன்றைய விமர்சனம் அவரைப் புண்படுத்தியது. என்னைக் கேட்டால் அந்த முடிவுக்கும் சாம்பியன் மனம்தான் வேண்டும்.

அடுத்த ஆண்டு கோனாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் பயிற்சியில் சைக்கிளிலிருந்து விழுந்தார். காலெல்லாம் சிராய்ப்பு, அதில் தொற்று; மார்புத் தசையிலும் காயம். 2011 பந்தயத்தில் நீச்சலிலேயே வெகுவாகப் பின்தங்கினார், சைக்கிளிலும் முன்னிலையைப் பிடிக்க முடியவில்லை. மாரத்தானை 2 மணி 52 நிமிடத்தில் ஓடி ஒவ்வொருவராகத் தாண்டினார். பின்னால் ஆஸ்திரேலிய வீராங்கனை மிரிண்டா கார்ஃப்ரே அவரைவிடச் சற்று வேகமாக வந்துகொண்டிருந்தார். முடிவில் இடைவெளி மூன்று நிமிடத்துக்கும் குறைவு. சாதனை நேரங்களோடு எளிதாக வென்றவற்றை விட இந்தப் பந்தயத்தைத்தான் அவர் தன்னுடைய நிறைவான பந்தயமாகக் கருதினார். 2012-இல் ஓய்வை அறிவித்தார், உடலில் இன்னும் வெற்றிகள் மிச்சமிருந்தபோதே. பட்டம்தான் குறி என்றால் ஐந்தாவதையும் ஆறாவதையும் தேடிப் போயிருப்பார் அல்லவா? தன்னிடம் உள்ளது முழுவதும் வெளிவந்த ஒரு நாளைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. விளையாட்டுக்கு வருமுன் அவர் பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் துறையிலும், பிறகு நேபாளத்தில் குடிநீர், சுகாதாரம் தொடர்பான பணிகளிலும் இருந்தவர். தனக்காக மட்டும் ஓடுவதில் அவருக்கு ஒரு கூச்சம் இருந்தது. ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயோடு 2005-இல் கோனாவை முடித்த ஜான் பிளேஸ் என்ற அமெரிக்கர், முடிவுக் கோட்டில் உருண்டு கடந்தார், 2007-இல் இறந்துபோனார். அவர் நினைவாக வெலிங்டனும் முடிவுக் கோட்டில் படுத்து உருண்டு கடப்பார். கோனாவில் பந்தயம் முடிய நள்ளிரவு ஆகும். அவர் ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிட்டு, குளித்து, சாப்பிட்டுவிட்டு மறுபடி வருவார். தள்ளாடிக்கொண்டு வரும் கடைசி ஆட்களைக் கட்டிப்பிடித்து வரவேற்பதற்காக, நள்ளிரவு வரை அந்தக் கோட்டருகே நின்றுகொண்டிருப்பார்.