அந்த ஜன்னல் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: வேலை மாற்றலில் ஒரு கடற்கரை ஊருக்குப் போகிறோம். நான், மனைவி, 7 வயது மகள், இழுப்பு உள்ள என் அம்மா. வாடகைக்கு இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கடலைப் பார்த்த வீடு, புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காற்றோட்டமான முன்னறையை என் ஆபீஸ் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னறை அம்மாவுக்கு. அதில் ஜன்னல் மட்டும் திறக்க வரவில்லை, மற்றபடி குறை இல்லை. இன்னொரு வீடு 2 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பழசு, வாடகை குறைவு. கடல் வீட்டை நிறையப் பேர் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் வேண்டும் என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். எதை எடுக்கலாம்?

பதில்: நிறையப் பேர் கேட்கும் வீட்டுக்கு உங்களைத் துரத்தவேண்டிய அவசியம் புரோக்கருக்கு இல்லை, தம்பி. அதை விடுங்கள். ‘ஜன்னல் மட்டும் திறக்க வரவில்லை, மற்றபடி குறை இல்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இழுப்பு உள்ள ஒருவர் படுத்துறங்கப் போகிற அறை அது. இதற்கு மேல் என்ன குறை வேண்டும் உங்களுக்கு?

ஏன் திறக்கவில்லை என்று வீட்டுக்காரரைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். பால்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

பெரும்பாலும் கீல் துருப்பிடித்து இறுகியிருக்கும். பின்பக்கம்தானே என்பீர்கள். உப்புக்காற்று வீட்டைச் சுற்றித்தான் போகிறது. மழை பட்டு உப்பு கழுவப்படாத மூலையில் துரு இன்னும் வேகமாக ஏறும். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். கீலுக்கு வந்தது கூரைக்குள் இருக்கும் கம்பிக்கும் வரும். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கிவிட்டால் கம்பி பருத்துக் காரையைப் பிளந்து கீழே தள்ளும். அம்மாவின் கட்டிலை எங்கே போடப்போகிறீர்களோ, அதற்கு நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் போக்கிலேயே விரிசல், பழுப்புக் கறை, கழியால் தட்டினால் பொள்ளென்ற சத்தம். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அட்வான்ஸ் பேச்சே வேண்டாம்.

அந்தப் புதுப் பெயின்ட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால், சுவரின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். உப்பேறிய சுவர், காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், மழையே இல்லாத நாளிலும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோரத்தில் 75 என்பது பெரிய விஷயமே இல்லை. ஈரம் நின்றால் பூஞ்சை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் மூச்சுத் தொல்லையும் இழுப்பும் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஜன்னலும் திறக்காது என்றால் அந்த அறையை என்னவென்று சொல்வது!

கடிதத்தை மறுபடி படித்தேன். காற்றோட்டமான அறை உங்கள் கம்ப்யூட்டருக்கு. மிஞ்சியது அம்மாவுக்கு. அவருக்கு எந்த வீடு பிடித்தது என்று ஒரு வரி இல்லை. காட்டவே இல்லை என்று நினைக்கிறேன். நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கப்போகிறவருக்குத்தான் முதலில் அறை ஒதுக்க வேண்டும், அப்புறம்தான் சம்பாதிக்கிறவருக்கு. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நானாக இருந்தால் உள்ளே இருக்கும் வீட்டைத்தான் எடுப்பேன். அலை உடைகிற இடத்திலிருந்து தள்ளிப்போகப் போகக் காற்றில் உப்பு மளமளவென்று குறையும். 2 கிலோமீட்டர் நல்ல தூரம். பழசு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லவில்லை. அங்கேயும் எல்லா ஜன்னலையும் திறந்து பாருங்கள். போர் தண்ணீரா என்று கேளுங்கள். கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும், அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். கோடையில் சோப்பு நுரைக்குமா, கடைசிப் புயலில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அவர்களுக்குக் கமிஷன் கிடையாது.

வியாழக்கிழமை அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போங்கள். கடல் வீட்டின் பின்னறையில் நீங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் உட்காருங்கள். அதற்குப் பிறகும் அந்த வீடுதான் வேண்டும் என்றால், முன்னறையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு உங்கள் மேசையைப் பின்னறையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் ஜன்னலுக்கு ஆள் கூட்டிவந்துவிடுவீர்கள்.