ஒரே தோட்டம், இரண்டு அளவு

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்காக, மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் மழைத்தோட்டம் ஒன்றில் இரட்டை வளைய முறையில் (ஒன்றுக்குள் ஒன்றாக மண்ணில் இறக்கிய இரு வளையங்களில் நீர் ஊற்றி, உள்ளே மட்டம் இறங்குவதைப் பார்த்து) நீர் இறங்கும் வேகத்தை அளக்கிறேன். ஓரிடத்தில் மணிக்கு 40 மில்லிமீட்டர், மூன்றடி தள்ளி 300. கருவியில் கோளாறா?
— பல்கலைக்கழக மாணவி, ஜூரோங்

பதில்: கோளாறாக அதில் என்ன இருக்கிறது? இரண்டு இரும்பு வளையங்களும் ஓர் அளவுகோலும்தானே! பெரும்பாலும் வளையத்தை இறக்கும் விதத்தில்தான் சிக்கல். ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடித்தால் வளையம் சாய்ந்து, இரும்புக்கும் மண்ணுக்கும் இடையே சந்து விழும்; நீர் அதன் வழியாக நழுவிவிடும். வளையத்தின் குறுக்கே கனமான மரக்கட்டையை வைத்து, அதன்மேல் சமமாகத் தட்டுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உள்வளையம் 5 முதல் 10 செ.மீ. வரை இறங்கினால் போதும். 60 செ.மீ. வெளிவளையத்தை இன்னும் சற்று ஆழமாக இறக்கலாம்.

இரு வளையங்களிலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கவேண்டும். வெளியே மட்டம் தாழ்ந்தால் உள்நீர் பக்கவாட்டில் ஓடி அளவு கூடும், உயர்ந்தால் குறையும். நீரை நேரே மண்மேல் கொட்டினால் களிமண் கலங்கி மேல்துளைகள் அடைபடும், அதனால் ஒரு துணியை விரித்து அதன்மேல் ஊற்றுங்கள். ஆய்வகத்தில் கிடைக்கிறதே என்று காய்ச்சி வடித்த நீரைக் கொண்டுபோகாதீர்கள். உப்பில்லாத நீரில் களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும். குழாய்நீரே நல்லது.

காய்ந்த மண் முதலில் வேகமாகக் குடிக்கும். அந்த அளவை எழுதிவிட்டு எழுந்துவிடுபவர்கள் நிறையப் பேர். அடுத்தடுத்து மூன்று அளவுகள் ஏறத்தாழ ஒன்றாக வரும்வரை உட்காருங்கள். களிமண்ணில் இரண்டு மணிநேரம்கூட ஆகலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் 300 வந்தால், அது வேர்த்துளையோ மண்புழு வளையோ ஆகலாம். மண்ணின் உண்மை அது, தூக்கி எறியாதீர்கள். குறைந்தது ஐந்து இடங்களில் அளந்து பெருக்கல் சராசரி எடுங்கள் (எண்களை ஒன்றோடொன்று பெருக்கி, இரண்டு எண்களானால் இரண்டாம் மூலம், ஐந்தானால் ஐந்தாம் மூலம்). உங்கள் இரண்டு எண்களுக்குக் கூட்டல் சராசரி 170, பெருக்கல் சராசரி சுமார் 110. இந்த வகை அளவுகளில் ஓரிரண்டு பெரிய எண்கள் கூட்டல் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும். பூங்காவில் அளப்பதானால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியை முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மகன் தொடக்கக்கல்லூரியில் இருக்கிறான். மண், நீர் தொடர்பாகப் படிக்க ஆசைப்படுகிறான். எங்கே தேடுவது?
— பெற்றோர், ஈசூன்

பதில்: மண்ணறிவியல் என்ற பெயரில் பட்டம் தேடவேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுச்சூழல் பொறியியலைப் பாருங்கள். நன்யாங்கில் சுற்றுச்சூழல், நீர் ஆய்வுக்கென்று ஒரு கழகமும் உண்டு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருப்பதால் படிப்புக்கு வேலை இல்லாமல் போகாது. வேதியியலும் கணிதமும் அவசியம். புள்ளியியல் மீது வெறுப்பு இருந்தால் இப்போதே போக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: கால்வாய் நீரில் கரைந்த பாஸ்பேட்டை அளக்கிறோம். ஒரே பாட்டில் நீருக்குத் திங்கட்கிழமை ஓர் எண், வியாழக்கிழமை வேறு எண். ஏன்?
— பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

பதில்: பாட்டிலுக்குள்ளேயே வேதியியல் நடந்துகொண்டிருக்கிறது. பாசி பாஸ்பேட்டை உண்ணும். மண்துகள்கள் அதைப் பிடித்துக்கொள்ளும், சில சமயம் விட்டுவிடும். கரையிலேயே 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 4 பாகை செல்சியசில் பாதுகாத்து 48 மணிநேரத்துக்குள் அளந்துவிடுங்கள். வியாழக்கிழமை எண்ணை நம்பவேண்டாம்.

பாட்டிலை எதில் கழுவுகிறீர்கள் என்றும் பாருங்கள். சில சோப்புகளிலேயே பாஸ்பேட் உண்டு. 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலசுங்கள். நைட்ரேட்டும் அளப்பதாக இருந்தால் நைட்ரிக் அமிலம் பக்கமே போகாதீர்கள். தூய நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் கால்வாய்க் கரைக்குக் கொண்டுபோய், மற்றவற்றைப் போலவே வடிகட்டி அளங்கள். அதில் பாஸ்பேட் தெரிந்தால் குற்றம் கால்வாயுடையதல்ல.