தோட்டா இருந்தது தெரியாது என்பது உங்களைக் காப்பாற்றாது

கேள்வி: டாலஸ் பக்கம் எச்1பி விசாவில் வேலை செய்கிறேன். வந்து மூன்று ஆண்டு ஆகிறது. அமெரிக்கக் குடிமகனான நண்பர் தன் பிஸ்டலை விற்க, துப்பாக்கி விற்பனைக் கண்காட்சியான கன் ஷோவுக்குப் போனார், நானும் கூடப் போனேன். காரிலிருந்து பையை நான்தான் தூக்கி வந்தேன். "மேகசினைக் (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றிட்டேன், காலி" என்றார். வாசலில் யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. ஒரு வியாபாரியின் மேசையருகே எடுத்துக் காட்டும்போது விசை அழுந்தி வெடித்துவிட்டது. தரையில் பட்டுச் சிதறிய துண்டு ஒரு பெண்ணின் காலில் பாய்ந்தது. போலீஸ் என்னை மட்டும் கைது செய்து 'டெட்லி காண்டக்ட்' (பிறரை ஆபத்துக்குள்ளாக்கும் நடத்தை) வழக்குப் போட்டது. நண்பர் இப்போது போனையே எடுப்பதில்லை. தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் வைக்கும் 'டெஃபர்டு அட்ஜுடிகேஷன்' தருகிறார்களாம். ஒப்புக்கொண்டால் தண்டனைப் பதிவே இருக்காது என்கிறார் என் வக்கீல். நண்பர் மீதும் ஷோ நடத்தியவர்கள் மீதும் நஷ்டஈடு வழக்குப் போடலாமா?

பதில்: டெஃபர்டை ஒப்புக்கொள்ளும் அந்தப் பேப்பரில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நண்பர் கைவிட்டதும் வாசலில் அலட்சியமாக இருந்ததும் உண்மையாகவே இருக்கலாம். மேகசினைக் கழற்றினாலும் குழலின் பின்முனையான சேம்பரில் ஒரு தோட்டா நிற்கலாம், துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2013 ஜனவரி 19 அன்று ராலே, மெடைனா, இண்டியானாபொலிஸ் என மூன்று ஊர் ஷோக்களில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து 5 பேர் காயப்பட்டார்கள். ராலேயில் வெடித்தது சோதனை நடக்கும் நுழைவாயிலிலேயே, உறையைத் திறக்கும்போது. ஆனால் யார் தோட்டாவை விட்டுவைத்தது என்பது உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போகும் கேள்வி அல்ல. எச்1பி-யில் இருக்கும் நீங்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தீர்கள். அதுதான் கேள்வி.

கூட்டாட்சிச் சட்டத்தின் தலைப்பு 18, பிரிவு 922 எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. சொந்தத் துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கில், படிப்பு விசாவில் வந்து அந்தஸ்தை இழந்த இளைஞர் செய்தது, ஒரு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டதுதான். தன் குடிவரவு நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு அந்த வாதம் உதவாது. உங்கள் விசா என்னவென்று உங்களுக்குத் தெரியும். தோட்டா இருந்தது தெரியாது என்பது வெடித்ததற்குத்தான் பதில், வைத்திருந்ததற்கு அல்ல.

ஒரு விலக்கு உண்டு. சம்பவத்தன்று உங்களிடம் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்ததா? இருந்தால் உடனே வக்கீலிடம் கொடுங்கள். இல்லையென்றால் இப்போது போய் வாங்காதீர்கள். பிறகு வாங்கியதைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்து, பொய் சொன்ன குற்றத்தையும் சேர்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த டெஃபர்டு. நம் ஆட்கள் திரும்பத் திரும்ப விழுவது இதில்தான். டெக்சஸ் சட்டப்படி அது தண்டனைத் தீர்ப்பு இல்லை, உங்கள் வக்கீல் சொன்னது சரி. குடிவரவுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டோ, எதிர்க்கவில்லை என்றோ சொல்லி, நீதிபதி கண்காணிப்பில் வைத்தாலே அங்கே அது தீர்ப்புதான். இரண்டு வருடம் ஒழுங்காக முடித்து, வழக்கும் தள்ளுபடியாகி, கிரீன் கார்டு நேர்காணலில் போய் உட்காரும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது.

அதிலும் டெட்லி காண்டக்டின் சாதாரணப் பிரிவை ஒழுக்கக்கேடான குற்றம் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2015-ல் சொல்லிவிட்டது. டெக்சஸின் சிறு குற்றங்களில் மேல்படியான கிளாஸ் ஏ குற்றம் என்பதால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். நாட்டுக்குள் வந்த ஐந்தாண்டுக்குள் செய்த அப்படிப்பட்ட ஒரே குற்றம் போதும், வெளியேற்ற. நீங்கள் வந்து மூன்றாண்டு என்கிறீர்கள்.

"சரி, சின்னக் குற்றமாகக் குறைத்துக் கேட்கிறேன்" என்று நினைப்பீர்கள். அங்கும் நில்லுங்கள். பொது இடத்தில் துப்பாக்கி வெடித்ததாக வரும், ஒரு படி குறைந்த கிளாஸ் பி குற்றம் கேட்க லேசாக இருக்கும். ஆனால் அதன் வரையறையிலேயே துப்பாக்கி இருப்பதால் துப்பாக்கிக் குற்றமாகக் கருதப்படும் அபாயம் உண்டு. அதற்கு ஐந்தாண்டுக் கணக்குக் கிடையாது, கிரீன் கார்டு வாங்கிய பிறகும் துரத்தும். கேட்க வேண்டியது, நீதிமன்றத்தில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், விசாரணைக்கு முன்பே நிபந்தனையோடு வழக்கை முடிக்கும் ப்ரீ-ட்ரயல் டைவர்ஷன். கிடைக்காவிட்டால் விசாரணைக்கே போவதைப் பற்றி யோசியுங்கள். டெக்சஸ் சட்டத்தில், ஆளை நோக்கித் தெரிந்தே நீட்டியிருந்தால், காலி என்று நம்பியிருந்தாலும் அலட்சியம் என்றே அனுமானிப்பார்கள். உங்கள் குழல் தரையைப் பார்த்திருந்தது. அந்த மேசையருகே கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் உங்கள் வக்கீல் கேட்டு வாங்கட்டும்.

வாதாடும் வக்கீல் குடிவரவு விளைவையும் சொல்லியாக வேண்டும் என்பது 2010-ல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த படீயா தீர்ப்பு. குடிவரவு வக்கீல் ஒருவரின் கருத்தை எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வக்கீலை மாற்றுங்கள்.

நஷ்டஈடு வழக்கு வேண்டாம். போட்டால் "பையை நான்தான் தூக்கி வந்தேன், நான்தான் வெளியே எடுத்தேன்" என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டிவரும். நீங்கள் வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். கூட்டாட்சி அரசு உங்கள் மேல் குற்றம் சாட்ட ஐந்தாண்டு உண்டு. நண்பர் மீதான கோபத்தைத் தீர்க்க அரசுத் தரப்புக்கு நீங்களே வாக்குமூலம் எழுதிக் கொடுக்காதீர்கள். அவருக்கு வாட்ஸ்அப்பில் திட்டி எழுதுவதையும் இன்றோடு நிறுத்துங்கள், அதுவும் சாட்சியம்.

காயப்பட்ட பெண்ணுடன் சமரசம் செய்துகொள்ளுங்கள், நண்பர் பங்கு எவ்வளவு என்று இழுக்காமல். உங்கள் வாடகை வீட்டு இன்சூரன்ஸிலும் நண்பருடைய வீட்டு இன்சூரன்ஸிலும் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று வக்கீல் பார்க்கட்டும். இன்சூரன்ஸ்காரர் போனில் பதிவு செய்து கேட்கும் கேள்விகளுக்கு வக்கீல் இல்லாமல் பதில் சொல்லாதீர்கள். தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, பணம் கொடுத்து, "கேஸை வாபஸ் வாங்குங்க" என்று கேட்பது ஊர்ப்பழக்கம். இங்கே அது சாட்சியைக் கலைத்த குற்றமாகத் திரும்பும்.

வழக்கு முடியும்வரை இந்தியப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பாஸ்போர்ட்டில் புது விசா குத்தும் ஸ்டாம்பிங்குக்குப் போனால் விண்ணப்பத்திலேயே, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்பார்கள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, திரும்பி வர விசா இல்லாமல் சென்னையில் காத்திருக்க நேரலாம்.