மாமனார் கேட்டதற்கு யார் பதில் சொன்னீர்கள்?

கேள்வி: என் கணவர் 2006-ல் அமெரிக்கா போனவர். போன மாதம் அங்கே குடியுரிமை கிடைத்து உறுதிமொழி எடுத்துவிட்டார். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, 400 பேருக்குச் சாப்பாடு போடத் தேதி குறித்திருக்கிறோம். ஃபிளக்ஸ்கூட சொல்லியாகிவிட்டது. நான் முன்னாடியே சந்தூர் பக்கம் மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் பேப்பர் வேலை முடிந்ததும் வருவார். கணவரின் அண்ணன்தான் "இதுக்கெல்லாமா விருந்து" என்று ஒதுங்கி நிற்கிறார். மாமனார் வேறு, "இனிமே எம்புள்ள இங்க வர விசா எடுக்கணுமாமே, நெசந்தானா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். வயதாகிவிட்டது, ஏதோ பேசுகிறார். அண்ணனை எப்படிச் சமாதானப்படுத்துவது?
- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: விருந்துக்கு வராமல் முறுக்கிக்கொள்ளும் அண்ணன்களைப் பற்றி எனக்குக் கடிதம் வராத மாதமே கிடையாது. அவரை அப்புறம் பார்ப்போம். "ஏதோ பேசுகிறார்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்கு முதலில் வருகிறேன்.

அவர் ஏதோ பேசவில்லை அம்மா. உங்கள் வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மருமகள் தனியாக வந்து இறங்குகிறாள், மகன் பேப்பருக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். பெரியவர் இதைக் கவனித்திருக்கிறார். இரண்டாவது தடவை கேட்டார் என்றால் முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? 400 பேருக்கு இலை போடத் திட்டம் போட்டவர்களுக்கு, திண்ணையில் இருக்கும் மனிதருக்கு ஒரு பதில் சொல்ல நேரமில்லையா?

அவர் கேட்டது நெசந்தான். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. 1955-ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருப்பதால் டிக்கெட் எடுத்தீர்கள், வந்தீர்கள். உங்கள் கணவர் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதற்குச் சான்றிதழ் வாங்கி, பிறகு வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். வந்துவிட்டால் ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம். வரும்வரை விசா எடுத்துத்தான் ஆக வேண்டும். இடையில் ஒரு ராத்திரி பெரியவருக்கு நெஞ்சு வலித்தால், முன்பு போல அடுத்த விமானத்தில் ஏறி வந்துவிட முடியாது. அவர் கேட்பது அதைத்தான். தன் காரியத்துக்கு மகன் வந்து நிற்பானா என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல், விசாவைக் கேட்கிறார்.

கிடாவைப் பற்றி எழுதினீர்கள், ஃபிளக்ஸைப் பற்றி எழுதினீர்கள். ஓசிஐக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று ஒரு வரி இல்லை. பேப்பர் கையில் இல்லாமல் எந்த தைரியத்தில் தேதி குறித்தீர்கள்?

இன்னொன்று. சந்தூர் பக்கம் என்றால் பெரியவர் பெயரில் மாந்தோப்போ கொல்லையோ இருக்கும். ஓசிஐ வந்தாலும் உங்கள் கணவரால் விவசாய நிலம் வாங்க முடியாது, தானமாக எழுதி வாங்கவும் முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பாகப் பேச்சு ஏதாவது ஓடுகிறது என்றால் பத்திரம் எழுதும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதையும் நீக்கிவிட வேண்டும்.

குடியுரிமை வாங்கியதைத் தப்பு என்று நான் சொல்லவே இல்லை. வேலை போனால் 60 நாளில் மூட்டை கட்ட வேண்டுமே என்ற விசா காலத்துப் பயத்தில் பல வருடம் ஓட்டிய மனிதர் அங்கே ஓட்டுப் போடும் உரிமையோடு நிற்கிறார். தாராளமாகக் கொண்டாடுங்கள். ஆனால் பெற்றவரிடம் ஒரு வார்த்தை கலக்காமல் எடுத்த முடிவுக்கு அவரையே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுவது எனக்குச் சம்மதமில்லை. பிள்ளை எந்த நாட்டுக்காரனாகவும் ஆகட்டும், அப்பாவிடம் சொல்லிவிட்டு ஆகட்டும். "இனி அப்பா அம்மாவையும் கூட்டிக்கொள்ளலாம்" என்று யாராவது ஊரில் பெருமை பேசினால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். குடிமகன் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கலாம், சரி. தோப்பை விட்டு வர அவர் ஒத்துக்கொண்டாரா?

அண்ணன் விஷயம். பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், ராத்திரி எழுந்து பார்ப்பதும் உள்ளூரில் இருக்கும் அவர் தலையில்தானே விழும்? தம்பி பார்க்க வேண்டிய பொறுப்பும் இனி தனக்கே என்று அவருக்குத் தெரியும். அந்தக் கோபத்தை நீங்கள் போய்ச் சமாதானப்படுத்த முடியாது. உங்கள் கணவர் பேச வேண்டும், விருந்துக்குக் கூப்பிடுவதற்காக இல்லை, அப்பாவை யார் எப்படிப் பார்ப்பது, செலவில் தன் பங்கு என்ன என்று பேச.

தேதியைத் தள்ளிப்போடுங்கள். இன்று ராத்திரியே கணவரை மாமனாருக்கு நேராக போன் போடச் சொல்லுங்கள். "ஆமாப்பா, இந்தத் தடவை பேப்பர் வரணும், இன்ன தேதிக்கு விண்ணப்பிச்சிருக்கேன்" என்று அவர் வாயால் சொல்லட்டும். விண்ணப்பிக்கவில்லை என்றால், விண்ணப்பித்துவிட்டுச் சொல்லட்டும்.