2015 ஹோண்டா சிட்டி சிவிடி: கிளம்பும்போது அதிர்வு, வாங்கலாமா?

நீங்கள் வாங்கப் பார்க்கும் பழைய கார் 85,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் சிவிடி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட், புல்லியால் இயங்கும் ஆட்டோமேட்டிக்), சிக்னலில் நின்று கிளம்பும்போது அதிர்கிறது, கியர் ஆயில் மாற்றிய பில் இல்லை என்கிறீர்கள். அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பிரேக்கை மிதித்தபடி ஏசியைப் போட்டு, கியரை டி-யிலும் (டிரைவ்) என்-னிலும் (நியூட்ரல்) மாற்றிப் பாருங்கள். டி-யில் நிற்கும்போதே அதிர்ந்து, என்-னில் குறைந்தால் முதல் சந்தேகம் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான இன்ஜின் மவுன்ட் மேல்தான். அது பெரிய செலவில்லை. நிற்கையில் அமைதியாக இருந்து, மெதுவாக வேகம் எடுக்கும்போது மட்டும் உதறினால் சிவிடி ஆயிலைப் பார்க்க வேண்டும். பழைய ஆயிலில் உராய்வுத் தன்மை கெட்டு பெல்ட்டும் புல்லியும் வழுக்கும். ஹோண்டாவின் சிவிடி ஆயிலான எச்சிஎஃப்-2 (HCF-2) மட்டுமே ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் கியர்பாக்ஸே போய்விடும். (லோக்கல் மெக்கானிக் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார், நம்பாதீர்கள்.) ஒருமுறை வடித்தால் பழையது முழுவதும் வராது, சிறிது ஓட்டிவிட்டு மறுமுறையும் மாற்றுவது நல்லது. அதற்குப் பிறகும் உதறினால், அல்லது இப்போதே ஊளைச் சத்தம் இருந்தால், விட்டுவிடுங்கள். சிவிடி பழுது விலையில் பேரம் பேசி ஈடுகட்டக்கூடியதல்ல.

இன்ஜினில் டைமிங் செயின் என்பதால் டைமிங் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. வால்வு இடைவெளி தானாகச் சரியாகாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். மேடுபள்ளத்தில் முன்பக்கம் கடகடத்தால் சஸ்பென்ஷன் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம். சேஸிஸ் எண்ணை ஹோண்டா இணையதளத்தில் போட்டு ரீகால் (குறையுள்ள பாகத்தை கம்பெனியே மாற்றித் தருவது) பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள், இலவசமாகவே செய்து தருவார்கள்.