உருளைக்கிழங்குக்கு அடிக்கும் மருந்து பக்கத்துத் தேயிலையில் படிகிறதே?

கேள்வி: நீலகிரி கேத்தியில் ஒரு ஏக்கர் குஃப்ரி ஜோதி உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். 45 நாள் பயிர். நாலு நாளாக மூட்டமும் சாரலும். கீழ் இலைகளில் கருப்புத் திட்டுகள் விழுகின்றன. பவர் ஸ்பிரேயரில் மான்கோசெப் மருந்து அடித்தால் புகையாகக் கிளம்பித் தேயிலைக்குப் போகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருகிறார்.

பதில்: முதலில் காலையில் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். திட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பின்பருவ இலைக்கருகல்தான். தெரியவில்லையா? ஈரத்துணியோடு இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு ராத்திரி வையுங்கள், பூத்துவிடும். ஜோதி ஒரு காலத்தில் இந்த நோயைத் தாங்கிய ரகம். இப்போது அதை நம்பி உட்கார முடியாது.

மான்கோசெப் வருமுன் காக்கும் மருந்து. இலைக்குள் போன நோயை அது பிடிக்காது. திட்டு விழுந்துவிட்டதால் சைமோக்சானிலும் மான்கோசெப்பும் கலந்து வரும் மருந்தை லிட்டருக்கு 3 கிராம் கலந்து அடியுங்கள். அடுத்த முறைக்கு வேறு வகை மருந்தாக மாற்றுங்கள்.

இனி சண்டை விஷயம். புகை போல அடித்தால்தான் மருந்து நன்றாகப் படியும் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு. காற்றில் போன மருந்து உங்களுக்கும் நஷ்டம்தானே? பிரஷரைக் குறையுங்கள். துளை தேய்ந்த நாசிலை மாற்றுங்கள். துளி சற்றுப் பெரிதாகட்டும், ஆனால் இலையிலிருந்து வழிந்து ஓடும் அளவுக்கு வேண்டாம். ஸ்பிரேயர் துப்பாக்கியை மேலே தூக்கி வீசாமல், செடிக்கு ஒன்றரை அடிக்குள் வைத்து, அடி இலைகளின் கீழ்ப்புறமும் நனையும்படி அடியுங்கள். நோய் தொடங்குவது அங்கேதான்.

தேயிலை ஓரத்து நாலைந்து வரிசைகளுக்கு மட்டும் கைத்தெளிப்பான் போதும். தேயிலைக்கு முதுகைக் காட்டி நின்று, உள்பக்கமாக அடியுங்கள். காற்று அந்தப் பக்கம் வீசினால் அந்த வரிசைகளை வேறு நேரத்துக்கு விட்டுவிடுங்கள்.

துளிக்காற்றுகூட இல்லாத விடியற்காலைதான் நல்லது என்பார்கள். நம் பள்ளத்தாக்கில் அது சரிப்படாது. நுண்துளிகள் பனியோடு மிதந்து சரிவில் இறங்கிவிடும். ஈர இலையில் மருந்தும் நிற்காது. இலை காய்ந்து, லேசாகக் காற்று அசையும்போது அடியுங்கள்.

அப்புறம், முந்தின நாளே தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஓரத்தில் அவர் கொழுந்து பறித்து முடித்த பிறகு நீங்கள் அடித்தால், அடுத்த பறிப்புக்கு இடையில் நாள் கிடைக்கும்.