ஊரில் எலக்ட்ரீஷியன், கனடாவில் திரும்பவும் மாணவனா?

தம்பி, யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் வயரிங் வேலை, கையில் என்.வி.கியூ. என்ற இலங்கைத் தொழிற்தகைமையின் நான்காம் நிலைச் சான்றிதழ், இப்போது ரொறன்ரோவில் வேர்ஹவுஸ் வேலை. முப்பத்தைந்து வயதில் திரும்பவும் வகுப்பில் போய் உட்காரத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உட்காரத்தான் வேண்டும். ஆனால் அரிச்சுவடியில் இருந்து அல்ல.

உங்கள் கைப்பழக்கம் எங்கும் போகாது. குழாய் வளைப்பது, வயர் இழுப்பது, பழுது தேடிப் பிடிப்பது எல்லாம் இங்கும் அதேதான். மாறுவது கணக்கும் சட்டமும். ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே வீடுகளுக்கு 120/240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பெரிய கட்டடங்களில் 347/600 வோல்ட் என்று மூன்று ஃபேஸ் வரும், அந்த வோல்டேஜை நீங்கள் ஊரில் கண்டிருக்கவே மாட்டீர்கள். ஊர்ப் பழைய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல். பழக்கதோஷத்தில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதனால்தான் அனுபவசாலியையும் படிக்கச் சொல்கிறார்கள். ஊர்ப் படிப்பை மதிக்காமல் அல்ல.

ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டட, பராமரிப்பு எலக்ட்ரீஷியன் தொழிலுக்கு 309ஏ என்று பெயர். சான்றிதழும் இல்லாமல், அப்ரென்டிஸாகவும் (தொழில் பழகுநராக) பதியாமல் இந்தத் தொழிலைச் செய்வது சட்டவிரோதம். நம் ஆட்களிலேயே சிலர், "வா தம்பி, கையில காசு தாறன், லைசன்ஸை பிறகு பாப்பம்" என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். அங்கே எத்தனை வருடம் உழைத்தாலும் ஒரு மணித்தியாலம் கூட சான்றிதழுக்கான உங்கள் கணக்கில் ஏறாது. விபத்து நடந்தால் அந்த ஆள் உங்களைத் தெரியாது என்பார்.

முறையான வழி இரண்டு. ஒன்று, தொழிற்சான்றிதழ் கொடுக்கும் அமைப்பான ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவிடம் ஊர் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது. 9,000 மணித்தியால வேலை என்பதுதான் இந்தத் தொழிலின் அளவுகோல். ஏற்றுக்கொண்டால் நேரே சான்றிதழ்ப் பரீட்சை எழுதலாம். மற்றது, அப்ரென்டிஸாகச் சேர்வது. வேலை செய்துகொண்டே, இடையிடையே மூன்று கட்டமாகக் கல்லூரிக்குப் போக வேண்டும், ஒவ்வொன்றும் 240 மணித்தியாலம். முழுநேர வகுப்பு நடக்கும் வாரங்களுக்கு ஈ.ஐ. (வேலையின்மைக் காப்புறுதிப் பணம்) எடுக்கலாம், வட்டியில்லாத அப்ரென்டிஸ் கடனும் இருக்கிறது. முன்பு மத்திய அரசு கொடுத்த அப்ரென்டிஸ் ஊக்கத்தொகை 2025 மார்ச்சோடு நின்றுவிட்டது, பழைய காணொளிகளைப் பார்த்து அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டு வயரிங் மட்டுமே செய்தவர் என்றால், மதிப்பீட்டில் தப்பினாலும் பரீட்சையில் மாட்டுவீர்கள் என்பது என் எண்ணம். மோட்டார் கன்ட்ரோல், ட்ரான்ஸ்ஃபோமர், ஃபயர் அலாம் எல்லாம் கேட்பார்கள், 70 வீதம் எடுக்க வேண்டும். பரீட்சை அறைக்குள் மின்சார விதிநூல் தருவார்கள்தான். எந்த விதி எந்தப் பிரிவில் என்று தெரியாமல் புரட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். பரீட்சைக்குத் தயாராகும் மாலை வகுப்பில், தேடும் விதியைச் சட்டென்று புரட்டி எடுக்கும் பழக்கத்தைத்தான் முதலில் பிடியுங்கள். ஆங்கிலத்தில் பயம் என்றால், பரீட்சைக் கேள்வியின் ஆங்கிலம் ஒரே மாதிரித்தான் திரும்பத் திரும்ப வரும், பழகிவிடும்.

சான்றிதழ் எடுத்த பிறகாவது புத்தகத்தை மூடலாமா என்றால் அதுவும் இல்லை. கனடாவின் மின்சார விதிநூல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும், அதன் பின்னால் ஒன்ராறியோவின் விதியும் மாறும். கார் சார்ஜரையே எடுங்கள். 100 அம்பியர் இணைப்புள்ள பழைய வீட்டுக்காரர் சார்ஜர் பூட்டித் தரச் சொன்னால், லோட் கணக்கு (வீட்டின் மொத்த மின்தேவை இணைப்புக்குள் அடங்குமா என்ற கணக்கு) போடத் தெரிந்தவருக்கு அது அரை நாள் வேலையாக முடியலாம். தெரியாதவர் எல்லாருக்கும் 200 அம்பியருக்கு மாற்றச் சொல்லுவார், வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டு இன்னும் முதல் வருடத்தில் படித்ததையே செய்கிற ஆட்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்களுக்கு வேலை போகவில்லை, உண்மைதான். ஆனால் ஃபோர்மன் பதவி எப்போதும் பக்கத்து ஆளுக்குத்தான் போகும்.

மூன்று வருடம் சான்றிதழோடு வேலை செய்தால் மாஸ்டர் எலக்ட்ரீஷியன் பரீட்சை எழுதலாம். சொந்தமாக நிறுவனம் தொடங்க நினைத்தால் அந்த லைசன்ஸ் உள்ள ஒருவர் நிறுவனத்தில் இருந்தே ஆக வேண்டும், அது நீங்களாகவே இருந்தால் நல்லது.

அப்புறம், கண்ட கண்ட கோர்ஸ்களுக்குக் காசு கட்டாதீர்கள். "ஆறு வாரத்தில் டிப்ளோமா" என்று விளம்பரம் வந்தால், இது 309ஏ வழியில் எங்கே சேரும் என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம்.

இப்போதைக்கு ஒரே வேலை: ஊரில் நீங்கள் வேலை செய்த முதலாளிகளுக்கு இந்த வாரமே ஃபோன் போடுங்கள். எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை என்று எழுதி, நிறுவனத் தலைப்புள்ள தாளில் கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்லுங்கள். கடை மூடிவிட்டாலோ முதலாளி வெளிநாடு போய்விட்டாலோ அந்தக் கடிதத்தை வாங்குவது பெரும்பாடு.